பெயர் இருக்கிறது, படிப்பு எங்கே? வீடு வீடாகச் சென்று மாணவர்கள் எடுத்த கணக்கு!

கொரோனா என்ற கொள்ளை நோய் உலகத்தையே ஆட்டிப் படைத்தது. உயிர்களைப் பறித்தது. தொழில்களை முடக்கியது. சத்தம் இல்லாமல் இன்னொன்றையும் அது பறித்தது. அதுதான் குழந்தைகளின் படிப்பு!

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாட்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் 160 கோடி மாணவ - மாணவிகளின் படிப்பு தடைப்பட்டது.

தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு மறுபடியும் பள்ளிக்கூட மணி அடித்தது எப்போது தெரியுமா? 2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. அதாவது, 19 மாதங்களுக்குப் பிறகு!

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். படிப்பும் கூடவே வந்ததா?

புறப்பட்டது மாணவர் படை

இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன் பெயர் "அசர்". இந்தி மொழியில் அசர் என்றால் "தாக்கம்" என்று பொருள். "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் 2005-ம் ஆண்டில் இதைத் தொடங்கியது.

வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுப்பவர்கள் தொண்டர்கள். கல்லூரி மாணவர்களும், ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவ - மாணவிகளும் அவர்களில் ஏராளம். 2022-ம் ஆண்டில் இவர்கள் 616 மாவட்டங்களில், சுமார் 19 ஆயிரம் கிராமங்களுக்குப் போனார்கள். ஏறக்குறைய 7 லட்சம் குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார்கள்.

ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள். ஒரு கிராமத்துக்கு 20 வீடுகள். தெரிந்தவர் வீடு, வசதியான வீடு என்று பார்த்துப் போகக்கூடாது. கிராமத்தை 4 பகுதியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டே போவார்கள்.

ஏன் இந்தக் கண்டிப்பு? "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்தால்தான் அந்த ஒரு சோறு உண்மையைச் சொல்லும்!

பள்ளிக்கூடத்துக்கே போய்க் கணக்கு எடுத்தால் என்ன? அன்று வராத பிள்ளையும், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளையும் கணக்கில் விடுபட்டுப் போவார்கள். அதனால்தான் வீடு தேடிப் போனார்கள்.

கையில் ஒரு தாள்

அவர்கள் கையில் இருந்தது ஒரு சாதாரணத் தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், 1-ம் வகுப்புப் பிள்ளை படிக்கக்கூடிய நாலு வரி, 2-ம் வகுப்புப் பிள்ளை படிக்கக்கூடிய ஒரு சின்னக் கதை. அவ்வளவுதான்!

முதலில் அந்த நாலு வரியைப் படிக்கச் சொல்வார்கள். படித்துவிட்டால் கதை. தடுமாறினால் சொற்கள். அதுவும் வராவிட்டால் எழுத்துகள்.

தெரிந்தது உண்மை!

முதலில் ஒரு நல்ல செய்தி. 6 முதல் 14 வயது வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகளில், 2018-ல் 100-க்கு 97 பேர் பள்ளியில் பெயர் பதிந்திருந்தார்கள். 2022-ல் அது 98 ஆக உயர்ந்தது. நோய் வந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கைவிடவில்லை.

ஆனால் தாளை நீட்டியபோது கதை மாறியது. 2-ம் வகுப்புக் கதையைப் படிக்கத் தெரிந்த 3-ம் வகுப்புப் பிள்ளைகள், 2018-ல் 100-க்கு 27 பேர். 2022-ல் 20 பேர்தான்! தமிழ்நாட்டில் 10 பேராக இருந்தது, 5 பேராகக் குறைந்தது.

பிள்ளைகள் மக்கு என்று நினைக்காதீர்கள். 2022-ல் 3-ம் வகுப்பில் இருந்தவர்கள் யார்? 2020-ல் 1-ம் வகுப்பில் சேர்ந்தவர்கள். "அ, ஆ" கற்கவேண்டிய ஆண்டில், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது!

செல்போனில் பாடம் நடந்ததே என்று கேட்கலாம். 2021-ல் எடுத்த கணக்கின்படி, ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளிலேயே 100-க்கு 26 பிள்ளைகளுக்கு அது கையில் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரு போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்?

மீண்டு வந்தார்கள்

2021-ம் ஆண்டு அக்டோபரில், தமிழ்நாடு அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

2024-ல் மாணவர்கள் மறுபடியும் தாளோடு போனார்கள். நாடு முழுவதும் 20 ஆக இருந்த எண்ணிக்கை 27 ஆகிவிட்டது. தமிழ்நாட்டிலும் உயர்ந்தது. ஆக, பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்தால் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

ஆனாலும் 27 என்பது, 100-ல் கால் பங்குதானே? மீதிப் பேர் தடுமாறுகிறார்கள். நோய் வருவதற்கு முன்பும் இந்தக் குறை இருந்தது. நோய் அதைப் பெரிதாக்கிக் காட்டியது.

நீங்களும் பார்க்கலாம்

இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். 2-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு கதையை எடுங்கள். 3-ம் வகுப்போ, அதற்கு மேலோ படிக்கும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமான பாடம் வேண்டாம். புதிய பக்கமாக இருக்கட்டும்.

தடுமாறினால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். எழுத்தில் தடுமாற்றமா, சொல்லில் தடுமாற்றமா என்று பாருங்கள். அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்து, தினமும் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து படியுங்கள். நீங்களே இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரா? மிகவும் நல்லது. இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம்!

மார்க் அட்டையில் கையெழுத்துப் போடும் முன்பு, ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அட்டை சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.