நம்பிக்கையும் ஐயமும் – 9: 78ஆம் மாடியிலிருந்து வந்தவர்

மெய்யாகவே துன்பப்பட்டவர்களின் வாக்குமூலத்திலும் முரண்பாடுகள் நேர்வது இயல்பே என்பதையும், பேரதிர்ச்சிக்குள்ளான மனம் நேரத்தையும் வரிசையையும் நழுவவிட்டு ஒரு வாசனையையோ ஒரு கூக்குரலையோ மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். அப்படியானால், ஒரே விதமான துக்கத்தை அனுபவித்தவர்கள் கூடி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும் ஒரு சபையில், ஒருவர் சொல்லும் கதை மெய்யா பொய்யா என்று தீர்மானிப்பது எங்ஙனம்? நியூயார்க்கில் நடந்த ஒரு விருத்தாந்தம் இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது.

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். மாண்டவர்களின் குடும்பத்தாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் தேசத்தின் அனுதாபம் கிடைத்தது. பிழைத்தவர்களையோ, 'நீங்கள்தான் தப்பிவிட்டீர்களே' என்று உலகம் எளிதில் மறந்தது. தங்கள் இரவுகளின் பயங்கரத்தைத் தங்களைப் போன்றவர்களிடமே சொல்ல முடியும் என்று உணர்ந்த அவர்களில் சிலர், தங்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவிக்கொண்டார்கள். அச்சங்கத்துக்கு வந்து சேர்ந்தவர்தான் டானியா ஹெட் என்ற பெண்மணி.

அவர் கதையைக் கேட்டவர்கள் தங்கள் கதையைச் சொல்லவே கூசினார்கள். இரண்டாவது விமானம் தெற்குக் கோபுரத்தைத் தாக்கியபோது, லிப்ட் மாறுவதற்காக ஜனங்கள் கூடியிருந்த 78ஆம் மாடியில் தாம் இருந்ததாகவும், தீயில் கை வெந்ததாகவும், உயிர் பிரியும் தறுவாயிலிருந்த ஒருவர் தம் மனைவியிடம் சேர்ப்பிக்கும்படி திருமண மோதிரத்தைத் தம்மிடம் ஒப்படைத்ததாகவும், சிவப்புக் கைக்குட்டை கட்டிய இளைஞன் ஒருவன் தம்மைக் காத்ததாகவும், அதே வேளையில் வடக்குக் கோபுரத்தில் தம் காதலர் மாண்டதாகவும் அவர் கூறினார். விமானம் மோதிய மாடிகளிலும் அவற்றுக்கு மேலும் இருந்து அக்கோபுரத்தில் தப்பியவர்கள் இருபது பேருக்கும் குறைவு; அந்தச் சிலரில் தாமும் ஒருவர் என்பதே அவர் உரிமை கொண்டாடிய ஸ்தானம். சங்கத்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. நகர மேயர் உள்ளிட்ட பிரமுகர்களுக்கு அந்த ஸ்தலத்தைச் சுற்றிக்காட்டும் கௌரவமும் அவருக்கே கிடைத்தது.

2007ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள் அவரைப் பேட்டி காண முயன்றபோது, அவர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நிருபர்கள் வேறு வாயில்களைத் தட்டினார்கள். அவர் உத்தியோகம் பார்த்ததாகச் சொன்ன நிதி நிறுவனத்தில் அப்பெயருக்கு ஆதாரம் இல்லை. பட்டம் பெற்றதாகச் சொன்ன ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இல்லை. மாண்ட காதலரின் குடும்பத்தாரோ அப்படியொரு பெண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அவருடைய இயற்பெயர் அலீசியா எஸ்தேவே ஹெட் என்பதும், கோபுரங்கள் வீழ்ந்த காலத்தில் அவர் ஸ்பெயினின் பார்சிலோனாவில் படித்துக்கொண்டிருந்தார் என்பதும் பிற்பாடு வெளியாயின. சங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

இக்கதையை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சிவப்புக் கைக்குட்டை இளைஞன் மெய்யாகவே இருந்தான்; வெல்ஸ் க்ரௌதர் என்ற அந்த 24 வயது வீரன் பலரைக் கீழே இறக்கிவிட்டு, மற்றவர்களைக் காக்க மீண்டும் மேலேறி மாண்டவன்; அவன் செய்த உபகாரம் 2002ஆம் ஆண்டிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. ஆக, ஊரறிந்த செய்திகளில் டானியாவின் கதை பிசகவே இல்லை. தாம் மட்டுமே அறியக்கூடிய விஷயங்களில்தான் அது தடுமாறிற்று. மாண்ட காதலரை ஒருவரிடம் கணவர் என்றும் மற்றொருவரிடம் மணம் நிச்சயிக்கப்பட்டவர் என்றும் சொன்னார். மெய்யான துக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: விமானம் எத்தனை மணிக்கு மோதிற்று என்பதில் அது தவறலாம், இழந்தவர் தனக்கு என்ன உறவு என்பதில் தவறுவதில்லை.

இத்தகைய வேஷம் வைத்திய உலகுக்குப் புதிதன்று. இல்லாத நோயைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைபவர்களைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1951ஆம் ஆண்டிலேயே எழுதி, புளுகுக்குப் பேர்போன மூன்சௌசன் பிரபுவின் பெயரை அந்நிலைக்குச் சூட்டினார். சரித்திரத்திலும் இதற்கு உதாரணம் உண்டு: நாஜிகளின் ஃப்ளோசன்பூர்க் சிறைமுகாமில் வதைபட்டதாகச் சொல்லி, முகாம்களிலிருந்து மீண்ட ஸ்பானியர்களின் சங்கத்துக்கே தலைவரான என்ரிக் மார்கோ என்பவரின் பொய்யை 2005ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய சரித்திராசிரியர், அவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டியே, அவர் ஜெர்மனிக்குத் தாமாக விரும்பிக் கூலிவேலைக்குப் போனவர் என்று கண்டார். கண்ணீரையும் குரலின் நடுக்கத்தையும் அளவுகோலாகக் கொண்டவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள்; காகிதத்தைக் கேட்டவர் ஏமாறவில்லை.

டானியா சங்கத்திடம் காசு பறித்தவரல்லர். பிழைத்தவர்களின் உரிமைக்காக உழைத்தவரே. ஆயினும் அவரால் விளைந்த தீங்கு சிறிதன்று. தம்முடைய மெய்யான துன்பம் அவருடைய பொய்யான துன்பத்துக்கு முன் அற்பமென எண்ணிப் பலர் வாய்மூடி இருந்தனர். உண்மை வெளிப்பட்ட பின்போ, தம் அந்தரங்கத்தை யாரிடம் கொட்டினோம் என்ற வேதனை புதிதாகச் சேர்ந்தது. துயரப்பட்டவரைக் கேள்வி கேட்பது பாபம் என்ற நல்லெண்ணமே அந்தப் பொய்க்கு அரணாக நின்றது.

ஆகவே, என் தீர்மானம் இது. ஆறுதல் வேறு, அதிகாரம் வேறு. கதவைத் தட்டி அழுகிறவரிடம் அத்தாட்சிப் பத்திரம் கேட்கலாகாது; பொய்யருக்கு ஒரு நாழிகை செவி சாய்த்ததால் நமக்குப் பெருநஷ்டம் ஏதுமில்லை. ஆனால் அவரைப் பிறருக்காகப் பேசும் சாட்சியாகவோ சங்கத்தின் தலைவராகவோ ஏற்றுமுன், அவர் கதை வெளியுலகைத் தொடும் இடங்களை, அதாவது வேலை பார்த்த நிறுவனம், சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரி, மாண்டவரின் சுற்றத்தார் ஆகியவற்றை, அமைதியாக விசாரித்து அறிவது கடமை. அந்த விசாரணை எல்லோருக்கும் ஒரே விதியாக இருந்துவிட்டால், மெய்யாகத் துன்பப்பட்டவர் எவருக்கும் அதில் அவமானம் இல்லை.

(தொடரும்)