மின்தடைக் காலத்து மாற்று மின்சாரம்

மின்சாரம் இன்று கிராம வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்துவிட்டது. குடிநீர்த் தொட்டி நிரம்புவதும், கிணற்று நீர் வயலுக்குப் பாய்வதும், தெருவிளக்கு எரிவதும் அதனாலேயே. அது தங்கு தடையின்றி வரும்பொழுது நாம் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நின்ற பின்னரே எண்ணுகிறோம்.

2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடுமையான மின்பற்றாக்குறைக்கு ஆளாயிற்று. 2012இல் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றது. அந்நிலை மாறிவிட்டது உண்மையே. எனினும், 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்போது பல ஊர்களில் ஜெனரேட்டர் வைத்தே குடிநீர்த் தொட்டிகளை நிரப்ப வேண்டியதாயிற்று. ஆகவே, மாற்று ஏற்பாடு பற்றாக்குறைக் காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

வாணியம்பாடியில் இதன் முக்கியத்துவம்

வாணியம்பாடி வட்டாரத்தில் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளும், அவற்றை அடுத்தே நெல்லும் தென்னையும் விளையும் நிலங்களும் உள்ளன. ஆலைக் கழிவுநீரால் கிணறுகள் உப்பேறிய வரலாற்றை நம் விவசாயிகள் நன்கு அறிவர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்று குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது.

இன்று ஆலைகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. அந்நிலையங்களின் உயிர்நாடி மின்சாரமே. கழிவுநீரிலுள்ள அழுக்கை உண்டு அழிக்கும் நுண்ணுயிர்கள் காற்றோட்டத் தொட்டிகளில் வாழ்கின்றன. அவற்றுக்கு இடைவிடாது காற்றை ஊத வேண்டும். ஊதும் இயந்திரம் பல மணி நேரம் நின்றால் நுண்ணுயிர்கள் நலிந்து மடிகின்றன. மீண்டும் அவை பெருகிப் பழைய நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும். நீரை மேலே தள்ளும் பம்புகள் நின்றாலோ, சேர்க்கும் கிணறுகள் நிரம்பி வழிந்து ஓடையில் கலக்கவும் கூடும்.

எனவே ஆலைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மாற்று மின்சாரம் இருப்பது முதலாளியின் நலன் மட்டுமன்று. அண்டை வயலின் கிணற்றையும் அது காக்கிறது. ஆலையும் விவசாயியும் பல காரியங்களில் மாறுபடலாம். மின்தடை நேரத்தில் இருவர் நலனும் ஒன்றே.

அரசு அளிக்கும் உதவி

மின்பற்றாக்குறை ஆண்டுகளில் மாநில அரசு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் ஜெனரேட்டர் வாங்குவதற்கு மானியம் அளித்தது. 320 கே.வி.ஏ. வரையிலான ஜெனரேட்டரின் விலையில் 25 சதவீதம், அதிக அளவாக 5 லட்சம் ரூபாய் என்பது அதன் விதி. விலை 8 லட்சமாயின் மானியம் 2 லட்சம். விலை 24 லட்சமாயின் கால்பங்கு 6 லட்சம் ஆயினும் கிடைப்பது 5 லட்சமே. மாவட்டத் தொழில் மையத்தின் மூலம் இவ்வுதவி வழங்கப்பட்டது.

விவசாயிகளுக்குச் சூரிய சக்திப் பம்புசெட்டு உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை இத்திட்டத்தை நடத்தி வந்துள்ளது. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமுமாக மொத்தம் 60 சதவீதம் மானியம் அளிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் அளிக்கப்பட்டது.

மானிய விகிதமும் வரம்பும் அரசாணைக்கு அரசாணை மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை உரிய அலுவலகத்தில் கேட்டறிந்து, ஒப்புதல் பெறுமுன் பொருளை வாங்கலாமா என்பதையும் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

மானியம் எதற்கு, எதற்கில்லை?

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. மானியம் இயந்திரத்துக்கே, எரிபொருளுக்கன்று. ஒரு லிட்டர் டீசலில் கிடைப்பது ஏறத்தாழ மூன்று யூனிட்டு மின்சாரம். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால், யூனிட்டு ஒன்றுக்கு எரிபொருட் செலவு மட்டும் 30 ரூபாய் ஆகிறது. ஆகவே ஜெனரேட்டர் ஆபத்துக்கு உதவும் தோழனே அன்றி அன்றாடத் துணையன்று.

ஊராட்சிக்குத் தேவைப்படுவது எவ்வளவு? 500 பேர் வாழும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவின்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வேண்டும். ஊருக்கு 27,500 லிட்டர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி நிறைந்திருப்பின் ஒரு நாள் மின்சாரம் இல்லாவிடினும் ஊர் தாங்கும். நிறைந்த தொட்டியே மலிவான மாற்று மின்சாரம் எனலாம்! நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரை 60 மீட்டர் உயரம் அத்தொட்டி நீரை ஏற்ற ஏறத்தாழ 10 யூனிட்டு செலவாகும். அதாவது மூன்று, நான்கு லிட்டர் டீசல். பெருஞ்செலவன்று. ஆயின் இயந்திரமும் எரிபொருளும் அவற்றை இயக்க அறிந்த ஆளும் அந்நாளில் கையில் இருக்க வேண்டும்.

சூரிய சக்திப் பம்புக்கு எரிபொருட் செலவில்லை. பகலில் இறைத்த நீரைத் தொட்டியில் சேமித்தால் விலையுயர்ந்த மின்கலமும் வேண்டியதில்லை. தெருவிளக்குக்கோ மின்கலம் இன்றியமையாதது. 2011இல் மாநில அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் சூரிய விளக்குகளும் சேர்ந்திருந்தன. இத்தகைய விளக்குகளின் மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்காவிடில் விளக்குக் கம்பம் மட்டுமே எஞ்சும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மோட்டார் ஓடும்பொழுது இழுப்பதைவிடப் புறப்படும்பொழுது ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டுச் சிறிய ஜெனரேட்டரை வாங்கினால் மோட்டார் புறப்படாது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

அடுத்தது உயிரைக் காக்கும் செய்தி. ஜெனரேட்டரின் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் திரும்பிப் பாயாதபடி, ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டும் திறக்கும் மாற்றுச் சுவிட்சு பொருத்துதல் கட்டாயம். அஃதின்றி இணைத்தால், மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் உயிரிழக்க நேரிடும். மூடிய அறையில் ஜெனரேட்டரை இயக்குதலும் கூடாது. அதன் புகை நஞ்சாகும்.

ஊராட்சி செய்யத்தக்கது

ஆலங்காயம், நாட்றம்பள்ளி ஒன்றியங்களின் ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரின் மோட்டார்கள் எத்தனை, அவற்றின் குதிரைத்திறன் என்ன, தொட்டிகளின் கொள்ளளவு எவ்வளவு என்று ஒரு பட்டியல் எழுதுவார்களாக. அருகருகே உள்ள சிற்றூர்களுக்கு இழுத்துச் செல்லக்கூடிய ஒரே ஜெனரேட்டர் போதுமா என்றும் ஆராயலாம். ஆலையை அடுத்த ஊர்கள், மின்தடையின்போது கழிவுநீர் எங்கே நிற்கிறது, மாற்று இயந்திரம் எத்தனை நிமிடத்தில் இயங்குகிறது என்பவற்றைச் சுத்திகரிப்பு நிலையத்தாரிடம் கேட்டறிதல் தகும்.

இவற்றைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானிப்பதே முறை. இயந்திரத்தின் விலையோடு, அதனைப் பேணும் செலவையும் அங்கேயே கூற வேண்டும். மாதம் ஒருமுறை சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவது நம் முன்னோர் வழி. மின்சாரம் நிற்குமுன் அதற்கு மாற்று வைப்பதும் அவ்வழியே ஆகும்.