உங்களுக்குத் தெரியுமா? – தண்ணீர், வியர்வை, தூக்கம்

● 1965-ல் புளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளருக்கு ஒரு சந்தேகம். ஆட்டம் முடிந்தபின் பையன்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே, ஏன்? மருத்துவர் ராபர்ட் கேட் ஆராய்ந்தார். உடம்பில் இருந்த நீர் வியர்வையாகவே போய்க்கொண்டிருந்தது, கூடவே உப்பும். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து கொடுத்தார். அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்தின் பெயர் கேட்டரேட். உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் நம் வீடுகளில் அதற்கு முன்பே உண்டு. பேர் வைத்து விற்கத்தான் ஆளில்லை.

● ஓடி முடித்துக் காய்ந்த பனியனில் வெள்ளையாகக் கோடு தெரிகிறதா? அது உப்பு. வியர்வையில் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. இளநீரில் நேர் எதிர். ஆகவே நன்றாக வியர்த்த நாளில் இளநீரைவிட உப்பு போட்ட நீர்மோருக்கே என் ஓட்டு.

● எவ்வளவு குடிப்பது? எடை மெஷினைக் கேளுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு தடவை, பின் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு தடவை ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ குறைந்தால் அது 2 சதவீதம். அதற்குமேல் போனால் பெரும்பாலோருக்கு நீண்ட ஓட்டத்தில் கால் தளரும். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 2009 துபாய் மாரத்தானில் 9.8 சதவீத எடையை இழந்தும் முதலாவதாக வந்தார். அவர் கதை வேறு!

● மெஷினில் எடை கூடியிருந்தால்? தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். அளவு மீறிய வெறும் தண்ணீர் ரத்தத்து உப்பை நீர்க்கச் செய்துவிடும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

● சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். சென்னைப் புழுக்கத்தில் நனைந்தும் வேகிறோமே, அதற்கு இதுதான் காரணம்.

● நாம் தூங்கும்போது மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடுகிறது. சிறுநீரைக் குறைத்து நீரைச் சேமிப்பது அதன் வேலை. தூக்கத்தின் பின்பாதியில்தான் அது மும்முரம். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் சீனாவிலும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் சிறுநீர், எட்டு மணி நேரம் தூங்கியவர்களுடையதைவிட அடர்த்தியாக இருந்தது. மது இந்த ஹார்மோனை அடக்கிவிடும். குடித்த இரவில் அடிக்கடி எழுந்திருப்பதும், விடிந்ததும் நாக்கு வறள்வதும் அதனால்தான்.

● ராத்திரி ஏழு மணிக்கு ஷட்டில் ஆடிவிட்டு, படுக்கப்போகும்போது ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் இரண்டு மணிக்குப் பாத்ரூம் விளக்கு எரியும். எங்கள் வீட்டில் நிறைய நாள் எரிந்திருக்கிறது. ஆடி முடித்த உடனேயே ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடியுங்கள். ரசமும் மோரும் கணக்கில் சேரும்.

● சிறுநீரகம், இதயத் தொல்லை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் தண்ணீரின் அளவையும் உப்பின் அளவையும் தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.