நோய்க்குப் பெயரிடலும் மருந்துச் சோதனையும்

சொல்லின் பொருள் வரையறுக்கப்படாவிடில் ஆய்வின் முடிவும் தெளிவுறாது என்பதை மொழியியல் மாணவர்க்கு நாம் பலமுறை கூறியதுண்டு. இவ்வுண்மைக்கு மருத்துவத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை இங்கு நோக்குவோம்.

1990–91ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் ஏறத்தாழ 700,000 அமெரிக்கப் படையினர் பங்கேற்றனர். நாடு திரும்பியபின் அவர்களுள் பலர் நீங்காத களைப்பு, மூட்டுவலி, தசைவலி, மறதி, உறக்கமின்மை ஆகியவற்றால் அல்லலுற்றனர். வழக்கமான பரிசோதனைகளில் தெளிவான குறைபாடு எதுவும் புலப்படவில்லை. அதனால், ‘எல்லாம் மனத்தின் வேலை’ என்று அவர்தம் துயரை ஒதுக்கியோரும் உண்டு.

நோய் வேறு, அதன் வெளிப்பாடாகிய அறிகுறி வேறு. அறிகுறிகள் மட்டுமே தெரிந்து, நோய்முதல் தெரியாத நிலையில், எதற்கு மருந்து தேடுவது? 1998இல் ஆய்வாளர்கள் ஒரு வரையறை வகுத்தனர். களைப்பு, மனநிலையும் நினைவாற்றலும் சார்ந்த இடர்கள், தசை மூட்டு வலிகள் என்னும் மூவகையுள் இரண்டிலேனும் அறிகுறிகள் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்தால், அது ‘நாட்பட்ட பல்லறிகுறி நோய்’ எனப்பட்டது. அவ்வாய்வில் வளைகுடா சென்றோருள் 45 விழுக்காட்டினரும், செல்லாதோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரும் இவ்வரையறைக்குள் அடங்கினர். வரையறை விரிந்தால், வெவ்வேறு காரணங்களால் நலிந்தோரும் ஒரே சோதனைக்குள் சேர்வர். சுருங்கினால், உண்மையில் நோயுற்றோர் விடுபடுவர். 2014இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ‘வளைகுடாப் போர் நோய்’ என்னும் பெயரைப் பரிந்துரைத்தது.

இனி, ஒரு மருந்துச் சோதனையைக் காண்போம். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம் எனச் சிலர் கருதினர். அதனைச் சோதிக்க, குருதியில் அந்நுண்ணுயிரின் தடயம் காணப்பட்ட 491 முன்னாள் படைவீரர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு டாக்ஸிசைக்ளின் மருந்தும், மறு சாராருக்கு அதனைப் போலவே தோன்றும் மருந்துப்போலியும் ஓராண்டு வழங்கப்பட்டன. 2004இல் முடிவு வெளிவந்தது. உடல் இயக்கம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டோர் மருந்து உண்டவருள் 18 விழுக்காட்டினர். மருந்துப்போலி உண்டவருள் 17 விழுக்காட்டினர். மருந்து உண்டவரிடம் குமட்டலும் வெயில் தாங்காத சருமக் கோளாறும் மிகுதியாகக் காணப்பட்டன.

ஒப்பிடுவதற்கு மறு சாரார் இல்லாதிருந்தால், நலம்பெற்ற அந்த 18 விழுக்காட்டினரையே சான்றாகக் காட்டி, பயனற்ற மருந்தைப் பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் உண்ண நேர்ந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாட்சியையும் சுட்டுவோம். ‘போலி மருந்து’ என்பது விற்பவன் ஏமாற்றிப் பிறர் தலையில் கட்டும் பொய்ச்சரக்கு. ‘மருந்துப்போலி’ என்பது, இரண்டில் ஒன்றே தமக்குக் கிட்டும் என முன்னரே அறிந்து இசைந்தவருக்கு, உண்மை காணும்பொருட்டு வழங்கப்படுவது. சொற்கள் இடம் மாறினால் பொருளும் தலைகீழாகும். ஆசிரியர்கள் அறிவியல் தமிழைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டை வலியுறுத்துதல் வேண்டும்.

அச்சோதனை அவ்வீரர்களின் வலியைத் தணிக்கவில்லை. எனினும், அவர்தம் நோயைப் பொருட்படுத்தி முறையாக ஆராய்ந்தது. ஒரு தவறான வழியையும் அடைத்தது. துன்புறுவோர் கூற்றை மதிப்பதும், மருந்தைப் பற்றிய கூற்றை ஐயுற்றுச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் இணைந்தே நடைபெற வேண்டியவை.