புதுவீட்டுக் கொல்லையில் தேங்கும் நீர்

தோட்டத்து லயன்களை விட்டு வெளியேறி, ஊழியர் சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனும் பெற்றுச் சொந்த வீடு வாங்கிய தொழிலாளர் குடும்பங்கள் பல. அவர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மழை பெய்தால் கொல்லையில் நீர் வடிவதில்லை. வாழைக்கன்று அழுகுகிறது, சுவரடியில் ஈரம் ஏறுகிறது. இதனைத் தலைவிதி என்று பலர் விட்டுவிடுகின்றனர். அது தவறு.

நீர் நிற்கும் பள்ளத்தில் ரப்பர் மரம் தேறாது என்பது பால்வெட்டுத் தொழிலாளர் அறிந்ததே. அதனாலன்றோ தோட்டங்களில் வடிகால் வெட்டுகின்றனர்! வீடமைப்பு நிலத்திலோ, இயந்திரங்கள் மேல்மண்ணை வழித்தெடுத்து, அடியிலுள்ள களிமண்ணை இறுகச் செய்துவிடுகின்றன. உடைந்த செங்கல்லும் இறுகிய சிமெண்டும் அங்கேயே புதைக்கப்படுவதுண்டு. அதன்மேல் சிறிது மண்ணைப் பரப்பிப் புல் பதித்துவிட்டால், கண்ணுக்குப் பசுமை, நீருக்கோ வழியில்லை. வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டு லொங்காங்கில் போதிய சரிவு இல்லாமையும், நிலம் வீட்டை நோக்கிச் சாய்ந்திருப்பதும் பிற காரணங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், அது முழுக்கொசுவாவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும்.

எங்கே குறை என்பதை முதலில் கண்டறிய வேண்டும். கொல்லையில் ஓரடி ஆழத்திற்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வற்றியபின் மீண்டும் நிரப்புங்கள். மறுநாளும் நீர் அப்படியே நின்றால் அடிமண் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். லொங்காங்கின் மேல்முனையில் ஒரு வாளி நீரை ஊற்றினால், அது எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மழை ஓய்ந்தவுடன் நிழற்படம் எடுத்து, நாளைக் குறித்து வையுங்கள்.

தீபகற்ப மலேசியாவில், உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் சட்டப்படியான ஒப்பந்தத்தில் வீடு வாங்கியவருக்கு, 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலமாகும். தரக்குறைவான வேலையினாலோ பொருளினாலோ, வரைபடத்திற்கு மாறாகக் கட்டியதாலோ தோன்றும் குறைகளை, எழுத்து மூலம் அறிவிப்புப் பெற்ற 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வீட்டுக்கான வடிகால் வேலைக்கெனத் தனியாகவே பணம் வசூலிக்கப்படுகிறது. ஆகவே, “வடிகால் எங்கள் பொறுப்பன்று” என்னும் பதில் செல்லாது. வெறும் புல்தரையைப் பற்றிய முறையீட்டில் வாதம் எழலாம். எனவே கடிதத்தில் லொங்காங், நிலச்சரிவு, சுவர் ஈரம் ஆகியவற்றை முதலில் குறிப்பிடுவதே நல்லது. நீங்களாகவே கொல்லை முழுவதற்கும் சிமெண்டு போட்டிருந்தால், மேம்பாட்டாளர் மறுப்பதற்கு இடமுண்டு. சொந்த நிலத்தில் குத்தகைக்காரரைக் கொண்டு கட்டிய வீட்டிற்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே உங்கள் ஒப்பந்தமே துணை.

‘எழுத்து மூலம்’ என்பதை நாம் வற்புறுத்திச் சொல்கிறோம். லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியிடம் வாய்ச்சொல்லாகச் சொல்வது தோட்டத்து வழக்கம். கட்டுமான இடத்து மேற்பார்வையாளரிடம் பத்துமுறை சொன்னாலும் அந்த 30 நாள் தொடங்காது. பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் மேம்பாட்டாளரின் வழக்கறிஞருக்கும் போகட்டும். ஏனெனில், வீட்டு விலையில் 5 விழுக்காடு அவரிடம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒப்படைப்புக்குப் பின் 8 மாதம் கழித்துப் பாதியும், 24 மாதம் கழித்து மீதியும் மேம்பாட்டாளருக்கு விடுவிக்கப்படும்.

முப்பது நாளில் வேலை நடக்கவில்லையெனில், பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிட்டு மேம்பாட்டாளருக்கு எழுதி, மேலும் 14 நாள் தவணை அளிக்க வேண்டும். அதுவும் கடந்தால், தாமதமின்றி நீங்களே வேலையை முடித்து, அச்செலவை நிறுத்தி வைத்த பணத்திலிருந்து கோரலாம். இந்த வரிசையை மாற்றி, முன்னதாகவே கொத்தனாரை அழைத்துவிட்டால் பணம் திரும்புவது கடினம்.

இதற்கும் மசியாதவர்மீது, வீடமைப்பு அமைச்சின்கீழ் இயங்கும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் மனுச் செய்தாக வேண்டும். பொதுவாக அங்கே வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. உங்கள் கடித நகல்களும் படங்களுமே சாட்சி.