பழைய படங்களுக்கு எந்த ஸ்கானர்?



எங்களில் பலருடைய வீட்டில் பிஸ்கட் பேணிக்குள்ளோ சூட்கேசின் அடியிலோ ஊர்ப் படங்கள் கிடக்கின்றன. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் அல்பத்தையா தூக்கிக்கொண்டு போனது? வன்னியில் 2009 வரை காவித் திரிந்த பைகளும் வழியில் விடுபட்டுப் போயின. ஆகவே, அந்த நாளில் கடிதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பிய படம்தான் சில குடும்பங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி. ஊரில் சொந்தக்காரரிடம் இன்னொன்று இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அவர்கள் உங்களிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

ஸ்கானர் வாங்கக் கடைக்குப் போகுமுன் பேணியைக் கொட்டிப் பாருங்கள். கடதாசிப் படங்கள் மட்டுமா, நெகட்டிவும் உண்டா?

கடதாசிப் படத்துக்கு வீட்டுப் பிரிண்டரோடு வரும் ஸ்கானரே ஓரளவு போதும். ஆனால் அதுவும், மெல்லிய மலிவு ஸ்கானர்களும் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற முறையில் இயங்குபவை. கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதைத்தான் அவை தெளிவாகப் பிடிக்கும். சுருண்ட படமோ, நெளிந்த மட்டையில் ஒட்டிய ஸ்ரூடியோப் படமோ என்றால் உயர்ந்து நிற்கும் இடம் மங்கிவிடும். சிசிடி முறையில் வில்லையும் கண்ணாடிகளும் இருப்பதால் சற்று உயரத்தில் இருப்பதும் தெரியும். பெட்டி தடிப்பாக இருக்கும், விலையும் கூட. பழைய படங்களுக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

நெகட்டிவ் வேறு விடயம். அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். மூடியில் விளக்கு இல்லாத ஸ்கானர் உதவாது. அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இரண்டு ஓரத்திலும் துளை உள்ளது 35 மில்லிமீற்றர். துளை இல்லாமல் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அகலமாக இருந்தால் அது பழைய ஸ்ரூடியோ அல்லது பெட்டிக் கமெராப் படச்சுருள். பிளஸ்டெக் ஒப்ரிக்பிலிம் போன்ற ஸ்கானர்கள் 35 மில்லிமீற்றருக்கு நல்லவை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அகலமானதை ஏற்காதவை. 2009இல் வந்த எப்சன் பேர்பெக்ஷன் வி600 இரண்டையும் ஏற்கும். பாவித்ததை வாங்கினால் நெகட்டிவ் செருகும் சட்டங்கள் கூட வருகின்றனவா, உங்கள் கணனியில் அது இயங்குமா என்று முதலில் கேளுங்கள். பழைய ஸ்கானர்கள் பல புதிய கணனிகளில் இயங்க மறுக்கும். வியூஸ்கான் என்ற மென்பொருள் அவற்றில் பலவற்றை ஓடவைக்கும்.

பெட்டியில் 6400 டிபிஐ என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கடதாசிப் படத்துக்கு 600 போதும். அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். 35 மில்லிமீற்றர் நெகட்டிவை 2400இல் எடுத்தால் சுமார் 3400க்கு 2260 புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சடிக்கலாம். அகலமான நெகட்டிவுக்கு 1600 போதுமானது. தூசி, கீறல் நீக்கும் 'டிஜிற்றல் ஐஸ்' வசதி கலர் நெகட்டிவில் நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளி அகச்சிவப்பு ஒளியை மறிப்பதால் அங்கே அதை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் படமே பழுதாகித் தெரியும்.

வைத்திருக்கும் பிரதியை டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 6க்கு 4 அங்குலப் படம் 600 டிபிஐயில் ஏறத்தாழ 26 மெகாபைற் வரும். உறவினருக்கு அனுப்ப ஜேபெக் போதும். வட்ஸ்அப்பில் வழமையாக அனுப்பும்போது படம் சுருக்கப்படும் என்பதால், அங்கே வந்த படத்தை மூலப் பிரதியாக நினைக்க வேண்டாம்.

பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க முனையாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும், "அன்பு அக்காவுக்கு" என்ற கையெழுத்தும், திகதியும் அங்கேதான் இருக்கும்.

முகங்களின் பெயர்கள் ஸ்கானருக்குத் தெரியாது. அம்மம்மாவை, பெரியப்பாவைப் பக்கத்தில் இருத்தி, கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்தபடி ஒவ்வொரு படமாகக் காட்டுங்கள். யார், எந்த வீடு, யாருடைய கலியாணம் என்று அவர்கள் சொல்லட்டும். எண்பது வயதுக்காரர் வீட்டில் இருந்தால் ஸ்கானர் வாங்குவதைக்கூடப் பிற்போடலாம், இதைப் பிற்போட முடியாது. கோப்பின் பெயரில் ஆண்டும் ஊரும் ஆளும் வரட்டும்.

முகநூலில் போடுமுன் ஒரு கணம் யோசியுங்கள். படத்தில் நிற்பவரோ அவருடைய குடும்பமோ இன்னும் ஊரில் இருக்கலாம். காணாமல் போனவருடைய படமாகவும் இருக்கலாம். அவர்களிடம் கேட்காமல் பொதுவில் விட வேண்டாம்.

பிரதிகளை இரண்டு வன்தட்டுகளில் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஸ்கான் முடிந்த நெகட்டிவுகளை எறியாமல் கடதாசி உறையில் இட்டு, ஈரமான நிலவறையில் அல்லாமல் அலுமாரியில் வையுங்கள்.