மோட்டார் சைக்கிள் மீட்டர் சொல்வதெல்லாம் மெய்யா?



பால் நிறுக்கும் இடத்தில் தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காத தொழிலாளி கிடையாது. முள் ஒரு கிலோ பிசகினால் அந்த இழப்பு மாதக் கடைசியில் சம்பளத்தில் தெரிந்துவிடும். ஆனால், நாள்தோறும் ஏறிப் போகும் மோட்டார் சைக்கிளின் மீட்டர் முள்ளை நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. அது காட்டியதை அப்படியே நம்பிவிடுகிறோம். அல்லது செத்துப் போன மீட்டரோடு வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தராசு முள் பிசகினால் பணம் போகும். மீட்டர் முள் பிசகினால் பணமும் போகலாம், உயிரும் போகலாம். ஆகவே, இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், வீட்டிலிருந்தபடியே அதை எப்படிச் சோதிப்பது என்பதை இன்று பார்ப்போம்.

கண்ணாடிக்குள்ளே இரண்டு கருவிகள் இருக்கின்றன. வேகத்தைக் காட்டும் முள் ஒன்று. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் மற்றொன்று. பழைய கப் சாய் வண்டிகளில் முன்சக்கரத்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய பற்சக்கரம் இருக்கும். சக்கரம் சுற்றும்போது அது ஒரு கேபிளைச் சுற்றும். அந்தக் கேபிள் மேலே வந்து இரண்டு கருவிகளையும் இயக்குகிறது.

கேபிள் ஒன்றுதான் என்றாலும் இரண்டும் வேலை செய்யும் முறை வேறு. வேக முள்ளின் அடியில், கேபிளோடு சேர்ந்து ஒரு காந்தம் சுற்றுகிறது. அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் கிண்ணத்தைத் தொடுவதில்லை. ஆனாலும் அது சுற்றும் வேகத்தால் கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. மயிர் போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுவே வேகம். ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது. தூர எண்களுக்கோ காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ள, எண்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். காந்தம் வலுவிழக்கலாம், வில் தளரலாம். அதனால் வேக முள் வயதாக ஆகப் பிசகக்கூடும். தூர எண்களோ பல்லுக்குப் பல் எண்ணிப் போகிறவை. பற்கள் கெடாத வரையில் அவை சுற்றுகளைச் சரியாகவே எண்ணும். ஆனால், அவை எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை மட்டுமே. சாலையை அவை அளப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும்.

புதிய வண்டியில்கூட வேக முள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அது பழுதன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாட்டு 39-ஆம் எண் விதியின்படி, முள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஓர் அளவுக்குக் கூட்டிக் காட்டலாம். ஆகவே, முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 55 என்றிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது, முள் குறைத்துக் காட்டும்போதுதான்.

முள் 50 காட்டுகிறது, வண்டி 60-இல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். வேகம் 50-லிருந்து 60-ஆகும்போது, பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். பள்ளி பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் அந்தக் கூடுதல் தூரத்தின் பொருள் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் கருவி அளப்பதும் உண்மை வேகத்தைத்தான். நம் மீட்டர் என்ன காட்டியது என்று அது பார்ப்பதில்லை.

அடுத்து, டயர். இளைஞர்கள் சிலர் அழகுக்காகச் சிறிய டயர் மாட்டுகிறார்கள். 70/90-17 என்ற அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.75 மீட்டர். 60/80-17 என்ற டயருக்கு அது ஏறக்குறைய 1.66 மீட்டர்தான். பெரிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு 570 முறை சுற்றினால், சிறியது 603 முறை சுற்றும். மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது. 570 சுற்று ஆனதும் ஒரு கிலோமீட்டர் முடிந்ததென்று எழுதிக்கொள்ளும். உண்மையில் வண்டி 946 மீட்டர்தான் ஓடியிருக்கும். இதற்கு நேர்மாறாக, 80/90-17 போன்ற பெரிய டயரை மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும். அதுவே ஆபத்தான பக்கம்.

புதிய வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாக மின் உணர்கருவி இருக்கும். எண்கள் ஒளியில் தெரியும். அங்கும் எண்ணப்படுவது சுற்றுதான். உணர்கருவி எஞ்சின் பக்கத்துக் கியர்பெட்டியில் இருக்கும் வண்டிகளில், சங்கிலிப் பற்சக்கரத்தை மாற்றினாலும் கணக்கு மாறிவிடும்.

இனி, சோதிக்கும் முறை. கூட்டுச் சாலைகளின் ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில், போக்குவரத்துக் குறைந்த, நேரான, மேடுபள்ளம் இல்லாத இடத்துக்குச் செல்லுங்கள். ஓட்டுபவர் முள்ளை 60-இல் நிலையாக வைத்துக்கொண்டு சாலையை மட்டும் பார்க்கட்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தில் பார்க்கட்டும். 3,600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். சரியாக 60 விநாடி என்றால் வேகம் 60. 66 விநாடி என்றால் ஐம்பத்து நான்கரை, அது வழக்கமானதுதான். 55 விநாடி என்றால் வேகம் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது; மீட்டரை உடனே கவனிக்க வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தாமல் மூன்று தடவை பாருங்கள்.

இப்போது கைத்தொலைபேசியிலும் துணைக்கோளின் உதவியால் வேகத்தைப் பார்க்கலாம். திறந்த வெளியில், ஒரே வேகத்தில் போகும்போது அது நன்றாகவே சொல்லும். செம்பனை மரங்களின் அடர்ந்த நிழலில் தடுமாறலாம். ஆனால் தொலைபேசி பின்னால் இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும். ஓட்டுபவர் அதைப் பார்க்கவே கூடாது.

தூர எண்களைச் சோதிப்பது இன்னும் எளிது. கற்களைப் பார்த்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். கடைசி எண் வேறு நிறத்தில் இருந்தால் அது நூறு மீட்டர்க் கணக்கு. பத்துக்குப் பதில் 10.6 என்று காட்டினால், மீட்டர் 530 என்று சொல்லும்போது நீங்கள் ஓடியது 500 கிலோமீட்டர். பத்து லிட்டர் பெட்ரோலில் அந்தத் தூரம் போனால், லிட்டருக்கு 53 என்று பெருமைப்பட வேண்டாம். உண்மைக் கணக்கு 50.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெரியவர்கள் கட்டை என்று சொல்வது மைலை. நம் நாடு 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனால் இடப்பெயர்களில் கட்டை இன்னும் வாழ்கிறது. ஐந்தாங் கட்டை என்றால் ஐந்து கிலோமீட்டர் அன்று, எட்டுக் கிலோமீட்டர். பழைய பெயரை நம்பிப் புதிய மீட்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

மீட்டர் பழுதானால் எங்கே கோளாறு என்பதை ஓரளவு நாமே கண்டுபிடிக்கலாம். முள்ளும் எண்களும் சேர்ந்து நின்றுபோனால், பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது சக்கரத்திலுள்ள பற்சக்கரம் தேய்ந்திருக்கும். எண்கள் ஓட, முள் மட்டும் படுத்திருந்தால் கோளாறு மீட்டருக்குள்ளே. முள் துள்ளித் துள்ளி ஆடினால் கேபிள் காய்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் மடங்கியிருக்கலாம். உள் கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் பல வேளைகளில் சரியாகிவிடும். மேல் முனையில் கிரீஸ் தடவ வேண்டாம். அது மீட்டருக்குள் ஏறி முள்ளைப் பிடித்துக்கொள்ளும். டயர் பஞ்சர் ஒட்டி முன்சக்கரத்தை மாட்டும்போது, மீட்டர்ப் பற்சக்கரம் தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டால் உடைந்துவிடும். ஆகவே, பட்டறையை விட்டு வரும்முன் சிறிது தூரம் ஓட்டி முள் எழுகிறதா என்று பாருங்கள்.

புது மீட்டர் மாட்டும்வரை கணக்கில்லாமல் ஓட்டாதீர்கள். தினமும் வேலைக்குப் போய்வர 24 கிலோமீட்டர் என்றால், 26 நாளைக்கு 624. மூன்று மாதத்தில் 1,872. எஞ்சின் எண்ணெயை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமென்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதைப் பார்த்து நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டுக் கணக்கு எழுதும் தாய்மார்கள் இதையும் சேர்த்து எழுதலாம். எண்ணெய் வற்றி எஞ்சின் கெட்டால் ஆகும் செலவு, ஒரு கேபிளின் விலையைப் போலப் பல மடங்கு. மீட்டரையே மாற்றினால், பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

கடைசியாக, பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மகன் வேலைக்குப் போகவேண்டுமென்று, கூட்டுக் கட்டிய பணத்தை எடுத்து வண்டி வாங்கும் குடும்பங்கள் பல. மீட்டரில் 12,000 என்றிருப்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கமே உள்ள மீட்டர், 99,999-க்குப் பிறகு மீண்டும் சைபரிலிருந்து தொடங்கும். அந்த வண்டி 1,12,000 ஓடியிருக்கலாம். மீட்டரை மாற்றியிருக்கலாம், எண்களைத் திருப்பியும் வைத்திருக்கலாம். எண்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, மீட்டரின் திருகுகளில் கீறல் உண்டா என்று பாருங்கள். அதைவிட நல்ல சாட்சிகள் வேறு உண்டு. கால் வைக்கும் ரப்பர், பிரேக் மிதி, கைப்பிடி, சங்கிலிப் பற்சக்கரத்தின் பற்கள் ஆகியவை ஓடிய தூரத்தைத் தேய்மானத்தால் சொல்லும். 12,000 மட்டுமே ஓடிய வண்டியில் மிதி வழவழவென்று தேய்ந்திருக்க நியாயமில்லை. கடைக்காரர் சொல்லும் தூரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில். கடையில் வாங்கி ஏமாந்தவர்கள், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அங்கே அந்த ரசீதுதான் பேசும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். மீட்டரைப் பொறுத்தவரை, தீர விசாரிக்க ஒரு கடிகாரமும் சில கிலோமீட்டர் கற்களும் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் மீட்டரைச் சோதித்துப் பாருங்கள். அது எத்தனை கூட்டுகிறது, எத்தனை குறைக்கிறது என்பதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.